வெள்ளோட்டம்

படகுத்துறையில் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அதை எழுதிக் கொடுப்பவர் துறைப் பொறுப்பாளர். முதலில் ஒரு படகின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து காட்டச் சொன்னார். சரியாக இருந்தால் சீட்டு. இல்லாவிட்டால் வாசலோடு சரி. பக்கத்தில் வேறு படகுத்துறை கிடையாது.

கணவன் பத்து வருடம் கப்பல்களுக்கு அடியில் வேலை பார்த்தவன். மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தான். கம்ப்ரசர், நீளமான காற்றுக்குழாய், ஈயப் பெல்ட், நான்கு சுரண்டிகள் வாங்கினான். மேலே நின்று குழாயைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மனைவியை மருந்துக்கடை வேலையிலிருந்து நிறுத்தினான்.

"அங்க நின்னு மாத்திரை எண்ணுறதுக்கு, இங்க நின்னு என் உயிரைப் பிடி" என்றான்.

குழாயோடு ஒரு கயிறும் போகும். ஓர் இழுப்பு என்றால் எல்லாம் சரி. இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் குழாய் விடு. நான்கு என்றால் மேலே வா.

போன வாரம் ஒத்திகை பார்த்தார்கள். குழாய் படகுக்கும் துறை மேடைக்கும் நடுவில் நசுங்கியது. அவள் நான்கு முறை இழுத்தாள். அவன் மேலே வருவதற்குள் படகு விலகி, குழாய் நேராகிவிட்டது. மேடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவன் பாசி வாளியைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தான்.

"சாவு வந்தா மட்டும் இழு. அலாரம் மாதிரி சும்மா சும்மா அடிக்காதே."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து படகுத்துறையில் அவள் பெயர் அலாரம்.

இன்று காலை அதே ஆட்கள் அதே இடத்தில் இருந்தார்கள்.

"என்ன அலாரம், சாவி குடுத்தாச்சா?" என்றான் ஒருவன்.

அவள் அவனைத் தாண்டி, சுத்தம் செய்ய வேண்டிய படகில் ஏறினாள். படகின் ஓட்டுநர் மேல்தளத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, கீழ என்ன பெயின்ட் அடிச்சிருக்கு?"

"மெது பெயின்ட் தங்கச்சி. போன மாசம்தான் அடிச்சது. பாசி ஒட்டாம இருக்க மருந்து கலந்தது. தானா கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். பஞ்சை வச்சுத் தடவினாப் போதும். சுரண்டி பட்டுச்சுன்னா தோலோட வந்துடும்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

கணவன் ரப்பர் உடைக்கு மேல் ஈயப் பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். கையில் இரும்புச் சுரண்டி. கப்பல் இரும்பில் அதுதான் பழக்கம்.

"ஏங்க, இந்தப் பெயின்ட்..."

"வந்துட்டா மகாராணி. கீழ போகாமலே கீழ என்ன இருக்குன்னு சொல்லப் போறா."

"இல்லீங்க, ஓட்டுநர் அண்ணன் சொன்னாரு..."

"கண்டவன்கிட்ட என்ன பேச்சு உனக்கு? குழாயைப் பிடி. வாயை மூடு. ரெண்டையும் ஒரே நேரத்துல செய்ய முடியுமா?"

மேடையில் இருந்தவர்களைப் பார்த்தான். அவன் எதிர்பார்த்தபடி சிரித்தார்கள்.

"முடியும்" என்றாள்.

அவன் குதித்தான்.

பத்து நிமிடத்தில் படகின் ஓரமாக நீலம் வந்தது. முதலில் நூல் மாதிரி. பிறகு, துணிக்கு நீலம் கரைத்த வாளித் தண்ணீர் மாதிரி. கயிறு அவள் கையில் இருந்தது. இப்போது கூப்பிட்டால் கை அகலத்துக்குத்தான் உரிந்திருக்கும். சமாளித்துவிடலாம். அது அவளுக்குத் தெரியும்.

பக்கத்துப் படகைக் கழுவிக்கொண்டிருந்த வழுக்கைத் தலையர் எட்டிப் பார்த்தார்.

"ஏய் அலாரம், தண்ணி என்ன நீலமா வருது? பெயின்ட் உரியுது போல. கூப்பிடு அவனை."

"அவருக்குத் தெரியும்."

"என்னத்தைத் தெரியும்? இங்க பாரு!"

"பத்து வருஷம் கப்பல்ல பார்த்தவருங்க."

அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்து தன் வேலையைத் தொடர்ந்தார்.

கயிறு இரண்டு முறை அசைந்தது. அவன் மறுபக்கம் போக வேண்டும். அவள் குழாயைத் தாராளமாக விட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் ஏறி வந்தான். விரல்களெல்லாம் நீலம். கீழே கலங்கலில் எதுவும் தெரிந்திருக்காது. கைக்கு வழவழப்பாகப் பட்டிருக்கும்.

"கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்" என்றான் மேடையைப் பார்த்து.

பொறுப்பாளர் வந்தார். தண்ணீரைப் பார்த்தார். கிரேனைக் கூப்பிட்டார். படகு கிரேனின் வார்களில் தொங்கியபடி மேலே வந்தது. நீலத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், இரண்டு பக்கமும்.

"நாய் நக்கின தட்டு மாதிரி இருக்கு" என்றார் பொறுப்பாளர்.

கணவன் படகிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"மேலதானே நின்னே? தண்ணியைப் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"ஏன் இழுக்கல?"

"சாவு வரலையே."

மேடையில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும். இந்த முறை அவர்கள் அவளைப் பார்க்கவில்லை.

பொறுப்பாளர் கையை உயர்த்தினார்.

"இந்தா, கேளு. உரிஞ்ச இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டா நிக்காது. மிச்சம் இருக்கிற நீலத்தைப் பூரா கையால தேய்ச்சு எடு. ஆறு மணிக்கு நான் வீட்டுக்குக் கிளம்புவேன். அதுக்குள்ள முழுசா வெள்ளையா இருந்தா சீட்டு எழுதறேன். பெயின்ட்டைப் படகுக்காரங்களே அடிச்சுப்பாங்க."

படகைக் கரையில் இறக்கி, மரக்கட்டைகள் மேல் நிறுத்தினார்கள். அவன் உப்புத்தாளோடு அடியில் படுத்தான். நீலத் தூள் கண்ணில், மூக்கில், வாயில் விழுந்தது. துப்பினால் நீலமாக வந்தது. அவள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, உப்புத்தாளை நான்காகக் கிழித்துக் கொடுத்தாள். கேட்கும்போது மட்டும் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு அவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கைக்கு மாற்றினான்.

"நீயும் ஒரு கை குடேன்" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"எனக்கு இந்த வேலை தெரியாதுங்க."

அவன் திரும்பிப் படுத்துத் தேய்த்தான்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பொறுப்பாளர் சீட்டுப் புத்தகத்தோடு வந்தார். படகைச் சுற்றி நடந்தார். உள்ளங்கையால் தடவினார். முகம் கொஞ்சம் தளர்ந்தது.

"பரவாயில்ல. கெட்டிக்காரன்தான்" என்று பேனாவை எடுத்தார். "வேற எங்கயும் பாக்கி இல்லையே?"

"இல்லீங்க" என்றான்.

அவர் எழுத ஆரம்பித்தார். பேச்சுக்காகத்தான் அவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

படகின் அடிக்கட்டை மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் கை போகாது. பார்த்தாலும் தெரியாது. தூக்கினால்தான் தெரியும். கிரேன்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்.

கணவன் அவளைப் பார்த்தான். நீல முகத்தில் கண்கள் மட்டும் சிவப்பு. ஆமா என்று சொல்லச் சொல்வது போலத் தலையை லேசாக ஆட்டினான். கெஞ்சுகிறான் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"கட்டைக்கு மேல உட்கார்ந்திருக்கிற இடமெல்லாம் இன்னும் நீலம்தாங்க" என்றாள்.

பொறுப்பாளர் குனிந்தார். இடுக்கின் ஓரத்தில் விரல் நுனியைத் திணித்து எடுத்துப் பார்த்தார், நீலம். எழுதிய தாளைக் கிழித்தார்.

"தெரியலன்னா மன்னிக்கலாம். பொய் வேற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவன் தரையில் உட்கார்ந்தான். கைகளில் இருந்த நீலத்தைத் தரையில் தேய்த்தான்.

"உன் சோத்துலயும்தானே மண் விழுந்துச்சு" என்றான்.

"ஆமா" என்றாள்.