இடது உள்ளங்காலில் ஒரு மச்சம்

கலியமூர்த்திக்கு உயிரைவிட உத்தியோகம் பெரிசு. இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். ஆனால் பதினாறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிற செங்கமலத்துக்குத் தெரியாதா? கம்மாபுரத்துப் பக்கம் இரண்டு காணி நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கிடைத்த பர்மனென்ட் வேலை. நிலமும் போய் வேலையும் போனால் என்ன கதி என்ற பயம் மனுஷனை விட்டு இறங்கவே இல்லை.

இப்போது அந்த வேலைக்கு ஆபத்து அவருடைய இடது உள்ளங்காலில் வந்து உட்கார்ந்திருந்தது.

பிறவி மச்சம்தான். மிளகாக இருந்தது ஆறு மாசத்தில் புளியங்கொட்டையாகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து பூட்ஸைக் கழற்றினால் ரத்தம். சுரங்க நகரிய ஆஸ்பத்திரி டாக்டர் விஜயகுமாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாதா மச்சமா, மெலனோமாங்கிற புத்துநோயான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

செங்கமலம் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். கலியமூர்த்திக்கோ அந்த வார்த்தை காதில் ஏறினால்தானே!

"வெட்டக் கூடாதுங்கம்மா. சர்வீஸ் புக்குல அங்க அடையாளம்னு அதத்தான் எழுதியிருக்கு. மச்சம் இல்லாத காலோட போனா நீ வேற ஆளுன்னு தொரத்திடுவாங்க. பாதி எடுத்துக்குங்க, பாதி இருக்கட்டும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முழுசா, ஓரத்தோட எடுத்தாத்தாங்க சரியாச் சொல்ல முடியும்."

வீட்டுக்கு வந்ததும் செங்கமலம் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, மைன்ஸ் கேட்டுல தெனமும் உன் உள்ளங்காலத் தொட்டுக் கும்புட்டுத்தான் உள்ள வுடுறாங்களா?"

"உனக்கு எல்லாம் வெளையாட்டு."

"எவனாச்சும் கேட்டா என்னக் கூப்புடு. கொறட்டை சத்தத்த வெச்சே இவருதான் என் வூட்டுக்காரருன்னு கையெழுத்துப் போடுறேன்."

செங்கமலம் இழுத்துக்கொண்டு போக, மறுநாள் முழுசாக வெட்டி எடுத்தார்கள். மருந்துத் தண்ணீர் பாட்டிலில் மச்சம் புதுச்சேரி லேபுக்குப் பஸ் ஏறியது. அங்கே மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். சாதா மச்சத்தின் உயிரணுக்கள் ஆழத்தில் போகப் போகச் சிறுத்து அடங்கிவிடும். புற்றுநோய் அடங்காது, கண்டபடி சிதறிப் பெருகும் என்றார் டாக்டர்.

"அப்ப பயமே இல்ல. இவரப் போலத்தான இருக்கும், மேலாக்கத்தான் கத்தும், உள்ள போனா அடங்கிடும்" என்றாள் செங்கமலம்.

பன்னிரண்டு நாள் இப்படியே கிண்டல் பண்ணிக்கொண்டு திரிந்தாள். ஆனால் அவர் தூங்கும்போது கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

பதிமூன்றாம் நாள் டாக்டர் தாளைப் பிரித்தார். "சாதா மச்சம்தான். ஆழத்துல நல்லா அடங்கியிருக்கு. பூட்ஸ் உரசித்தான் புண்ணாயிருக்கு."

செங்கமலம் ஓவென்று அழுதாள். கலியமூர்த்தி அவளை அதிசயமாகப் பார்த்துவிட்டு, "அந்தத் துண்டத் திருப்பித் தருவாங்களா? ஆபீஸ்ல காட்டணும்" என்றார்.

அந்தக் கூத்தை விடக்கூடாது என்று செங்கமலமும் ஆபீசுக்குக் கூடவே போனாள். கிளார்க் சிவப்பிரகாசம் சர்வீஸ் புக்கின் தூசியைத் தட்டிப் படித்தார்.

"அங்க அடையாளம்: வலது உள்ளங்காலில் ஒரு மச்சம்."

கலியமூர்த்தி செருப்பைக் கழற்றி வலது காலைத் தூக்கிப் பார்த்தார். துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"இடதுங்க! பொறந்ததுல இருந்தே இடதுங்க!"

"புக்குல வலதுன்னுதானய்யா இருக்கு. அப்ப பதினாறு வருஷமா சம்பளம் வாங்கினது யாரு?" கிளார்க் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

கலியமூர்த்திக்கு வேர்த்துவிட்டது. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேஜையருகே போனாள்.

"இவருதாங்க. பேனாவக் குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?"