கண்ணாடி வீட்டு நீலம்

என் அக்காவுக்கு யாருக்காகவும் காத்திருக்கப் பிடிக்காது. லென்ஸுக்காக மட்டும் காத்திருப்பாள். வெளிக்குளிரில் இருந்த கேமராவைப் பட்டாம்பூச்சிக் கண்காட்சியின் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிடும். வெப்பநாட்டுப் பூச்சிகளுக்காக உள்ளே அப்படியொரு புழுக்கம். அந்த ஆவி தானாகத்தான் போகவேண்டும். துடைத்தால் மறுபடி படியும், போதாததற்குக் கோடு வேறு விழும். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு முதன்முதலில் போன அன்று நான் சட்டை நுனியால் ஒரு துடை துடைத்தேன். அங்கிருந்த பூச்சிகளெல்லாம் இலைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும்படி திட்டினாள்.

கண்காட்சி வாசலில் விற்கும் பட அட்டைகள் அத்தனையும் அக்கா எடுத்தவை. அவளுடைய சோறும் அதுதான், கர்வமும் அதுதான்.

சில மாதங்களாக அவளுக்குக் கண்ணில் கோளாறு. நடுப்பார்வை மங்குகிறது என்றார் மருத்துவர். இதோடு நின்றாலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார். அக்கா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். "நின்னுடுச்சுடா. என் கண்ணு எனக்குத் தெரியாதா?" வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாள். கேட்டால், தம்பி என்று ஒருவன் எதற்கு இருக்கிறான் என்பாள். அடுத்த அட்டைக்கான படத்தை எடுத்துவிட்டால் மருத்துவர் வாயை அடைத்துவிடலாம் என்று அவளுக்கு எண்ணம். எனக்கும்தான்.

கண்காட்சிக்காரர்கள் கேட்டிருந்தது நீலப் பட்டாம்பூச்சி, அதுவும் இறக்கை விரித்தபடி. லேசுப்பட்ட வேலையில்லை. பறக்கும்போது கண்ணைப் பறிக்கும். உட்கார்ந்த உடனே இறக்கையை மூடிக்கொண்டு காய்ந்த சருகுபோல் ஆகிவிடும். காலையில் விளக்கைப் போட்டதும் உடம்பில் சூடேற்றிக்கொள்ளச் சற்று நேரம் விரித்து வைக்கும். அதைப் பிடிக்கத்தான் மற்றவர்கள் வருமுன் போனோம்.

பூச்சிகளைப் பராமரிப்பவரைப் பூச்சி சார் என்றுதான் கூப்பிடுவோம். பூச்சி வெளியே பறந்துவிடாதபடி ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். அக்கா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கொட்டாவி விட்டேன்.

"வாயை மூடுடா. பூச்சி உள்ள போயிடும்."

கொஞ்ச நேரம் கழித்துப் பூச்சி சார் கிசுகிசுத்தார். "மேடம், அந்த இலை மேல பாருங்க. விரிச்சிடுச்சு."

கை எட்டும் தூரம். அக்கா மண்டியிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். லென்ஸை இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள்.

"இன்னும் ஆவி போகலடா."

குனிந்து பார்த்தேன். லென்ஸ் பளிச்சென்று இருந்தது. என் மூஞ்சி அதில் தெரிந்தது.

"போகலதானே?"

"போகலக்கா," என்றேன். வேறென்ன சொல்வது? பூச்சி சார் வாயைத் திறக்கப் போனார். கையைக் காட்டி அடக்கினேன்.

என்றைக்கும் நிலைகொள்ளாத அந்தப் பூச்சி அன்றைக்கென்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. எனக்கு அதன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பறந்து தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன். பறந்திருந்தால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம்.

அக்கா துப்பட்டா நுனியை எடுத்து லென்ஸைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். மறுபடி துடைத்தாள், அழுத்தி. பிறகு கேமராவை இறக்கிவிட்டு, வெறும் கண்ணால் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், பூச்சி மேலயும் ஆவி படியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"படியாதுக்கா."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். பூச்சி சார் தண்ணீர்க் குழாயைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார்.

அக்கா அழவில்லை. கேமராப் பட்டையைத் தன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். தோளைப் பிடித்து என்னை மண்டியிட வைத்தாள்.

"மூக்கை உறிஞ்சாதே, கை ஆடும். மூச்சைப் பிடிச்சுட்டு அமுக்கு."

அமுக்கினேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"எப்படி இருக்கு நீலம்?"

"நீலமா... நல்ல நீலமா இருக்குக்கா."

"இதெல்லாம் ஒரு பதிலாடா?" என்றாள் அக்கா. "உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? ஒழுங்காப் பாத்துச் சொல்லு."