பாதி பதில்

"இன்னா பாயம்மா, நோவு ஜாஸ்தியா கம்மியா?"

நர்ஸ் அன்னம்மாள் கேட்டுக்கொண்டே ஏழாம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை உருவினாள். படுத்திருந்த சுகரா பேகம் பல்லைக் கடித்துக்கொண்டு, "கம்..." என்றாள்.

"கம்மியா? அப்படித்தான் தைரியமா இருக்கணும்."

'வலி குறைவு' என்று எழுதிவிட்டு எட்டாம் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

ஆம்பூர் சுகரா பேகத்துக்குத் தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வேறு மூட்டு பொருத்தி இரண்டு நாளாகியிருந்தது. 1984-இல் அது இந்தப் பக்கத்துக்கே புது ஆபரேஷன். டாக்டர் ராஜவேலு வேலூரில் தன் சொந்த ஆஸ்பத்திரியில் செய்த நாலாவது. வலி ஜாஸ்தி என்று நோயாளி சொன்னால் மட்டும் ஊசி என்பது அவர் உத்தரவு. அந்த ஊசி பழகிவிடும் என்று அவருக்குப் பயம்.

சுகரா பேகத்துக்கு வாயில் வருவது உருதுதான். தமிழ் நாலு வார்த்தை தெரிந்தால் ஜாஸ்தி. எடுத்துச் சொல்ல மகனும் பெண்கள் வார்டுக்குள் வரக்கூடாது. இருந்தால் என்ன? ஜாஸ்தியும் கம்மியும் அவர்கள் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு வந்த சொற்கள்தானே. "பாஷை தெரியணும்டி, பாதி வைத்தியம் அதுலதான் கீது" என்று மலையாள நர்ஸுகளிடம் பெருமை அடித்துக்கொள்வாள் கணியம்பாடிக்காரி அன்னம்மாள்.

மூன்றாம் நாள் காலை நிற்க வைக்கப் பார்த்தார்கள். சுகரா பேகம் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"வலி கம்மின்னு அட்டையில கீது. அப்புறம் இன்னா பிடிவாதம்?" என்றார் டாக்டர். "எழுந்து நடக்கலன்னா கால்ல ரத்தம் கட்டிக்கும், நெஞ்சுல சளி சேரும். ஆபரேஷன் பண்ணதே தண்டமாப் பூடும்."

"செல்லம் ஜாஸ்தி டாக்டர்" என்று அன்னம்மாள் சிரித்தாள். "சின்னக் கொழந்த மாதிரி."

பக்கத்துக் கட்டில்காரிகளும் சிரித்தார்கள். சுகரா பேகம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு மருமகள் நசீமுன்னிசா வந்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், அன்றைக்குத்தான் விட்டுவிட்டு வர முடிந்தது. மாமியாருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது அன்னம்மாள் வந்து வழக்கம்போலக் கேட்டாள். வழக்கம்போல "கம்..." வந்தது. பேனா அட்டையில் ஓடியது.

"இன்னா எழுதறீங்க சிஸ்டர்?"

"நோவு கம்மின்னு."

"எங்க மாமியா 'கம் நை'ன்னாங்க. கம்மி இல்லன்னு அர்த்தம்."

"நை எங்கம்மா சொன்னாங்க?"

"சொன்னாங்களே. அதுக்குள்ள நீங்கதான் திரும்பிட்டீங்க."

அன்னம்மாள் குனிந்து மறுபடி கேட்டாள். சுகரா பேகம், "கம்..." என்றாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிறகு, பல்லிடுக்கில் காற்றுப் போல, "...நை."

அட்டையில் அன்னம்மாளின் கையெழுத்தில் ஆறு இடத்தில் 'வலி குறைவு'. இரவு நர்ஸும் அதைப் பார்த்தே எழுதியிருந்தாள்.

நசீமுன்னிசா உருதுவில் ஏதோ கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தெனம் சொன்னாங்களாம். சொன்னா எழுதிக்கினு பூட்றாங்க, ஊசி வரல, இந்த ஆபரேஷன்னா இப்படித்தான் போலன்னு கம்முனு இருந்துட்டாங்களாம்."

அன்னம்மாள் ஓடிப்போய் ஊசியை எடுத்து வந்து போட்டாள். அட்டையில் 'வலி அதிகம்' என்று எழுதும்போதே, இன்றைக்குத்தான் வலி கூடியது என்று டாக்டர் நினைத்துக்கொள்வார், யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பும் ஓடியது. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்ட கையைச் சுகரா பேகம் தட்டிக்கொடுத்தாள்.

"ரொம்ப நல்ல சிஸ்டர்ன்றாங்க" என்றாள் மருமகள்.

அன்னம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் இன்னொரு ஊசிக்குப் பிறகு, சுகரா பேகம் வாக்கரைப் பிடித்து எழுந்து இரண்டு எட்டு வைத்தாள்.

"பாத்தியா!" என்றார் டாக்டர். "காலைல பண்ணது சும்மா பிடிவாதம்தானே?"

"இல்ல டாக்டர்." வார்டே கேட்கும்படி அன்னம்மாளுக்குக் குரல் வந்துவிட்டது. "ரெண்டு நாளா வலி ஜாஸ்திதான். நான்தான் கம்மின்னு எழுதிட்டேன்."

"உருது புரியலியா? சரி, போவட்டும்."

தப்பிக்க அவர் கொடுத்த வழி. தலையாட்டியிருந்தால் போதும்.

"புரியற வார்த்தைதான் டாக்டர். முழுசா கேக்கல."

டாக்டர் அட்டையை வாங்கினார். ஊசிக்கு நேரே தான் எழுதியிருந்த 'சொன்னால் மட்டும்' என்பதை அடித்தார். "கேக்கறதுக்குக் காத்திருக்க வேணாம். ரெண்டு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி ஊசி போட்டுடுங்க. மத்த கட்டிலு அட்டையும் கொண்டாங்க" என்றபடி நகர்ந்தார்.

நசீமுன்னிசா மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுகரா பேகம் நின்றபடியே அன்னம்மாளைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றாங்க?"

"வேணாம் சிஸ்டர்."

"சொல்லும்மா."

"'காதுல சரியா வுழல, சரி. காலைல சிரிச்சாங்களே, அது எதுக்கு?'ன்னு கேக்கறாங்க."

  சுகரா பேகம் பதிலுக்கு நிற்கவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலை நோக்கி மூன்றாவது எட்டை வைத்தாள்.