நாற்பது விநாடி

பத்தே முக்காலுக்குக் கருவி அறையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பத்து நாற்பத்தாறுக்கும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். இருபத்தொரு வருடமாக இந்த நிலையத்தில் அவள் கேட்டு வரும் சத்தம் அது. 'டக்'கென்றதும் மைதானத்துக் கம்பத்திலிருந்து ரேடியோ அலை நேர் மேலே கிளம்பும். நூறு, முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்து வைத்திருக்கிறது. அந்தக் கூட்டம் அலையைத் திருப்பி அனுப்பும். கூட்டம் அடர்த்தியாக இருந்தால் உயர்ந்த அதிர்வெண்கூடத் திரும்பி வரும். கலைந்திருந்தால் அலை துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்பது மாதிரிதான், தலைகீழாக.

வழக்கமாகக் கால் மணிக்கு ஒருமுறை. இன்று சூரிய கிரகணம், நிமிடத்துக்கு ஒருமுறை. நேற்றே அட்டவணை பதிந்திருந்தாள். திரையில் அதைத் தேடிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருவிக்கு, நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பிந்திய உலகப் பொது நேரம் மட்டும்தான் தெரியும். இவளோ சுவர்க்கடிகார நேரத்தை அடித்திருந்தாள். கிரகணம் முடிந்து ஊரே மறந்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் செய்கிற தப்பு. ஆனால் ஒரு வாரமாக அவள் மனதில் ஓடியது சுவர்க்கடிகார நேரம்தான். பண்டிகை, பிறந்தநாள் தவிரக் கூப்பிடாத மகன், தானாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான்: "அம்மா, கிரகணத்தன்னிக்கு லைன்ல வரேன். நீ அங்கேருந்து, நான் இங்கேருந்து, ஒண்ணா பாப்போம்." அவன் பள்ளி விழாக்களில் பாதிக்கு அவள் போனதில்லை. இதற்காக இரண்டு கறுப்புக் கண்ணாடி வாங்கி, ஒன்றை அவனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

அட்டவணையை மாற்றக் கருவியை அணைத்து எழுப்ப வேண்டும். கால் மணி நேரம் போய்விடும். நிலவின் விளிம்பு ஏற்கெனவே சூரியனைத் தொட்டாயிற்று. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பொத்தானை அழுத்தினாள். டக். கிரகணம் முடியும் ஒன்று நாற்பது வரை இப்படித்தான்.

கைபேசி வாசலில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அறைக்குள் கொண்டுவந்தால் அதன் இரைச்சல் பதிவெல்லாம் புள்ளியாக விழும் என்பதால் அங்கே அப்படி ஒரு வழக்கம்.

பதினொன்றரைக்கு ஜன்னலுக்கு வெளியிலிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். "மேடம், பொட்டி பாடுது!"

"பையனா இருக்கும். எடுங்க. அம்மாவால இப்ப வர முடியாதுன்னு சொல்லுங்க."

அவர் மரத்தடிக்கு நகர்ந்து பேசியது அரைகுறையாகக் கேட்டது. "தம்பி, நான் வாட்ச்மேன்... அம்மாவா? உள்ள பொத்தானை அமுக்கிட்டு இருக்காங்க... அட நெசமாப்பா! இங்க கடிச்ச பிஸ்கட்டு மாதிரி இருக்கு. உங்க ஊர்ல?... மேடம், பொட்டியில இருக்கற உங்க கண்ணாடிய நான் போட்டுக்கவா?"

"போட்டுக்குங்க."

அவள் மகனும் வாட்ச்மேனும் ஒன்றாகக் கிரகணம் பார்த்தார்கள். காற்றுத்துளை வழியே விழுந்த வெயில், மேஜையில் நகத்துண்டு போல வளைந்து மெலிந்தது. அவளுக்குக் கிடைத்தது அது.

பன்னிரண்டேகாலுக்கு வாட்ச்மேன் ஜன்னலுக்கு வந்தார். "முக்காவாசி மறைஞ்சு இப்ப விலகுது மேடம். தம்பி வச்சிட்டாரு."

"ஏதாவது சொன்னானா?"

"'எப்பவும் இதுதானே'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான்."

டக்.

வெளியே வெளிச்சம் ஏறியது. திரையில், திரும்பி வரும் உச்ச அதிர்வெண்ணைக் காட்டும் எண் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். தாழ்ந்த அடுக்கில் காற்று நெருக்கம். பிரிந்த எலக்ட்ரானுக்கு உடனே சேர இடம் கிடைக்கும். அதனால் அங்கே அடர்த்தி நிழலோடு சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே ஏறிவிட்டது. மேலடுக்கில் அப்படியில்லை. அங்கே எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கிறது. சேர நேரமாகும். நிழல் விலக ஆரம்பித்த பின்னும் அங்கே குறைந்துகொண்டே இருக்கும்.

பன்னிரண்டு இருபத்தைந்து. பெட்டி மறுபடி பாடியது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். பொத்தானை அழுத்தினாள். ஒரு பதிவுக்கு இருபது விநாடி. அடுத்ததற்கு நாற்பது விநாடி மிச்சம். திரை நின்றதும் ஓடினாள்.

"நாப்பது செகண்டுதான் இருக்கு. சொல்லு."

"எல்லாம் முடியப் போகுதும்மா. வெளிச்சம் வந்தாச்சு."

"கீழதான்டா. மேல இன்னும் இறங்கிட்டிருக்கு."

"ஆள் வைக்க மாட்டாங்களா, பொத்தான் அமுக்க?"

"தானா ஓடியிருக்கணும். நான்தான் நேரத்தத் தப்பா போட்டுட்டேன். நீ கூப்பிடற நேரமே மனசுல இருந்துச்சு."

கடிகாரத்தில் பத்து விநாடி பாக்கி.

"போறேன்டா."

"எவ்ளோ வரைக்கும் இறங்குச்சுன்னு அப்புறம் சொல்லு."

வைத்துவிட்டான். அவள் ஓடிவந்து அழுத்தினாள். டக்.

ஏழு. ஆறு புள்ளி ஒன்பது. பிறகு ஆறு புள்ளி எட்டு, மூன்று நிமிடம் அங்கேயே நின்றது. பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு முதல்முறையாக ஒரு புள்ளி ஏறியது.

ஆறு புள்ளி எட்டு. அதை ஒரு சீட்டில் எழுதிக் கோப்பைக்கு அடியில் வைத்தாள். தேநீர் எப்போதோ ஆறியிருந்தது. இன்னும் அறுபத்தொன்பது முறை அழுத்த வேண்டும்.