ரெண்டு பக்கமும் கேட்கும் மைக்

"எத்தினி பேர் பேசுவீங்க மேடம்?"

விழுப்புரத்தில் மைக் கடை வைத்திருக்கும் தென்னரசு கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆரோக்கியசெல்வியிடம் பதில் தயாராக இருந்தது.

"ரெண்டு பேருங்கண்ணா. நானும் என் தங்கச்சியும்."

தங்கை என்று ஒருத்தி அவளுக்குப் பிறக்கவே இல்லை. சவுரியம்மாளுக்கு ஒரே பெண் இவள். அந்த அம்மாவும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணப் பேச்சு தானாகவே ஓய்ந்துபோய், நாற்பத்தாறு வயதில் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். தனியாக இருக்கிறேன் என்று ஒரு பெண் நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிட முடியுமா என்ன? சிலிண்டர் போட வருகிறவனிடம் "அவரு உள்ள தூங்கறாரு" என்பாள். வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். நடைபாதைக் கடையில் அவளே வாங்கிப் போட்டது. புதுக்கருக்கு மாறாமல் கிடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமே என்று அவ்வப்போது அதில் மண்ணைத் தேய்த்து வைப்பாள். இவ்வளவு சாமர்த்தியம் பழகினவளுக்கு மைக் கடையில் மட்டும் உண்மை எப்படி வரும்?

இத்தனைக்கும் திண்டிவனத்தில் அவள் குரலைக் கேட்காத காது கிடையாது. ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு ஜவுளிக்கடைத் தள்ளுபடி, இலவசக் கண் பரிசோதனை முகாம், இன்னார் இறைவனடி சேர்ந்தார் என்று தெருத்தெருவாய்ப் போகிறதே, அந்தக் குரல் இவளுடையதுதான். ஆட்டோக்காரர் சீனுவாசன் வாட்சப்பில் விஷயத்தை அனுப்புவார். இவள் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஃபோனில் பேசி அனுப்புவாள். முகம் பார்க்கிற வேலையே இல்லை. ஒருநாள் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் குரலே பக்கத்தில் வந்து நின்று தள்ளுபடி சொல்லிவிட்டுப் போனது. கடையில் இருந்தவர்கள் ஆட்டோவைப் பார்த்தார்கள். அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு அழுகையாக வந்தது.

இப்போது சென்னையில் ஒரு கம்பெனி. செல்ஃபோனில் கேட்கிற தொடர்கதை போடுகிறவர்கள். கலையரசி என்ற பெண் பேசினாள். அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற ஒரு காட்சியைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாள். பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை, கதை முடிவில் பெயர் சொல்வார்கள். பெயர் என்றதும் செல்வி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். போர்வையும் ஃபோனும் இதற்குப் போதாது என்று சொல்லிவிட்டதால்தான் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள்.

தென்னரசு மூன்று மைக்கை எடுத்து வைத்தார். முதலாவது, முழ நீளக் குச்சி.

"ஷூட்டிங்ல பாத்திருப்பீங்க. கோல்ல கட்டித் தூக்கிக்கினு நிப்பாங்க. வெளிய வெச்சா பிரமாதம். ஆனா நாலு செவுத்துக்குள்ள, செவுத்துல பட்டு வர்ற சத்தத்தையும் சேத்து இழுத்துக்கும். தூக்கிக்கினு நிக்க ஒரு ஆளும் வோணும்."

"அது வேணாங்கண்ணா."

"இது சட்டையில குத்தறது. பொடவ ஒரசுனா கரகரன்னும்."

மூன்றாவது மேசைமேல் வைப்பது. சொம்பு மாதிரி உருண்டையாக இருந்தது.

"ரெண்டு பேர் எதுருக்கெதுரு ஒக்காந்து பேசறதுக்கு இதான். முன்னாடியும் கேக்கும், பின்னாடியும் கேக்கும். சைடுல காது கெடையாது." பின்னால் இருந்த திருகைத் திருப்பி, அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார். "இத மட்டும் தொட்றாதீங்க. மாறிப்போனா பேஜாரு. நீங்க இந்தாண்ட, தங்கச்சி அந்தாண்ட. அவ்ளோதான்."

செல்வி தலையாட்டினாள். திரும்பி வருகிற பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை பெட்டியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மேசையின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டாள். முதலில் அக்காவாக இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு வரி. எழுந்து சுற்றிப்போய், தங்கையாக அந்தப் பக்கம் ஒரு வரி. "எப்பக்கா வந்த? சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து வந்து, "எங்க சாப்டறது" என்று சலித்துக்கொள்வாள். நாலு முறை சுற்றியதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. பிறகு புத்தி வந்து, அக்காவை மொத்தமாக ஒரு பக்கத்திலும் தங்கையை மொத்தமாக மறு பக்கத்திலும் பேசி, ஃபோனில் வெட்டி ஒட்டி அனுப்பினாள்.

மறுநாள் கலையரசி கூப்பிட்டாள்.

"வாய்ஸ் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா காலி ரூம் சத்தம் வருது. யாருமே இல்லாத வீட்ல பேசுற மாதிரி இருக்கு. மைக்க மாத்திட்டு ஒரே ஒரு வாட்டி அனுப்புங்க. அதுக்கு மேல எங்களால நிறுத்தி வைக்க முடியாது."

ஃபோனை வைத்துவிட்டு செல்வி எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் வெறும் சுவர். அம்மாவின் கட்டிலும் பீரோவும் இருந்த இடம். பார்க்கப் பொறுக்காமல் இரண்டையும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள். ஊருக்கே தெரியாமல் மூடி வைத்திருந்த விஷயத்தை ஒரு மைக் போட்டு உடைத்துவிட்டதே என்று அதன்மேல் கோபமாக வந்தது. கோபத்தோடேயே பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனாள்.

"மைக் சரியில்லங்கண்ணா. காலி ரூம் சத்தம் வருதாம்."

தென்னரசுவுக்குச் சுருக்கென்றது. தன் சரக்கைக் குறை சொன்னால் எந்தக் கடைக்காரருக்குத்தான் பொறுக்கும்? கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போய், மைக்கை மேசையில் வைத்து, அவளை ஒரு பக்கம் உட்காரச் சொல்லி, மறு பக்கம் தானே உட்கார்ந்தார்.

"எங்க, பேசற பேப்பரக் குடுங்க. நான் தங்கச்சி."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார். "எப்பக்கா வந்த? சாப்ட்டியா?"

செல்விக்குத் தன் வரி மறந்துபோனது. எழுதி வைத்த வரிதான், அவளே இருபது தடவை சொன்னதுதான். ஆனாலும் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து அவளைப் பார்த்துக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. சமாளித்துக்கொண்டு, "எங்க சாப்டறது" என்றாள்.

தென்னரசு அதைப் போட்டுக் காட்டினார். இரண்டு குரலும் துல்லியமாக இருந்தன. எதிரொலி பேருக்குக்கூட இல்லை.

"பாத்தீங்களா? மைக்ல ஒரு கொறையும் இல்ல. ஒங்க தங்கச்சி தள்ளி ஒக்காந்தாங்களா? எதுர ஆள் இருந்தா அவங்க ஒடம்பே பின்னாடி வர்ற சத்தத்தப் பாதி அடச்சிக்கும். ஒரு நட அவங்கள இட்டுக்கினு வாங்க, நானே ஒக்கார வெச்சி சொல்லித் தர்றேன்."

ஆமாம், தள்ளித்தான் உட்கார்ந்தாள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். மானம் மிஞ்சும். வேலை போய்விடும். வருஷம் முழுக்க இருக்கிற வேலை, பெயர் சொல்கிற வேலை. செல்வி புடவைத் தலைப்பைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அவ வரமாட்டாண்ணா."

"ஏன், ஊர்ல இல்லியா?"

"தங்கச்சின்னு யாரும் இல்லண்ணா. ரெண்டு கொரலும் நான்தான். வூட்ல நான் மட்டுந்தான் இருக்கேன்."

சொல்லி முடித்ததும் தெருவில் நிற்கிற மாதிரி உடம்பெல்லாம் கூசியது. தென்னரசு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டேப்பை உரித்துத் திருகை ஒரு சுற்றுத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் வேலை.

"இப்ப முன்னாடி மட்டுந்தான் கேக்கும். மொதல்லயே சொல்லியிருந்தா இப்பிடி வெச்சே குடுத்திருப்பேனே. நீங்க ஒக்கார்ற பக்கம் பின்னாடி ஒரு ஜமுக்காளம் கட்டி வுடுங்க." பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். வாசல்வரை வந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கிட்ட சொன்ன மாதிரி வேற எங்கயும் சொல்லி வெக்காதீங்க. காலம் நல்லா இல்ல."

"தெரியுங்கண்ணா," என்றாள்.

அன்று மாலையே ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பேசி முடித்தாள். இந்த முறை எழுந்து சுற்றவில்லை. அக்கா கேட்ட மூச்சிலேயே தங்கை பதில் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது.

"ஓகே ஆயிடுச்சு மேடம்," என்றாள் கலையரசி. "இப்ப அந்த சத்தமே இல்ல. ரெண்டு பேரையும் எடுத்துக்கறோம். கதை முடிவுல பேர் போடணும். தங்கச்சியா பேசுனவங்க பேர் என்ன? அவங்க நம்பரும் வேணும்."

எச்சில் கையோடு செல்வி அப்படியே நின்றாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் நடந்துவிடும். பழகின வாய்தான். வெண்ணிலா என்று ஒரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"அதுவும் நான்தாங்க," என்றாள்.

"ரெண்டுமா?"

"ரெண்டும் நான்தான். ஆரோக்கியசெல்வின்னு ஒரே பேரா போடுங்க."

கலையரசி நம்பாமல் சிரித்தாள். "எங்க ஆபீஸ்ல எல்லாரும் நிஜ அக்கா தங்கச்சின்னே நெனச்சோம் மேடம். அவ்வளவு பழக்கம் தெரிஞ்சுது. ஒருத்தங்க முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தங்களுக்குப் புரிஞ்சுடுது. எப்படி மேடம் இது?"

"எங்கம்மா செத்ததுல இருந்து நாங்க ரெண்டு பேருந்தான பேசிக்கினு இருக்கோம்," என்றாள் செல்வி.