ஐந்து கஜம் பின்னால்

காலர் பொத்தானைப் போட்டுவிட்டு லானா கையை எடுத்தாள். சட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. டையை இறுக்கினால் துணி சுருங்கி முன்னால் துருத்திக்கொண்டு நின்றது.

"பின்பக்கம் ரெண்டு ஊசி குத்திட்டா சரியாயிடும். யாருக்கும் தெரியாது" என்றார் சவ அடக்க நிலையத்துக்காரர்.

"அம்மா இருந்தப்ப, இவன் கழுத்துக்குச் சட்டை வேணும்னா ஒமாஹா நகரம் வரைக்கும் போவாங்க" என்றாள் லானா.

அவர் தலையாட்டிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் பருத்திருந்த அந்தக் கழுத்தை அறியாதவர்கள் நெப்ராஸ்காவின் அந்த மூலையில் இல்லை.

தம்பி கர்ட் அவளைவிட மூன்று வயது இளையவன். நாற்பத்துமூன்று. கடைசி ஆறு வருஷங்களில் முதலில் ஆட்களின் பெயர்களை மறந்தான். பிறகு வீட்டுக்கு வரும் வழி. பிறகு கோபத்தை எங்கே நிறுத்துவது என்பது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு டென்வருக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. செப்டம்பரில் விழுங்குவதும் மறந்துபோயிற்று. பராமரிப்பு இல்லத்தில் ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கி, காய்ச்சல் கண்டு, பனிக்காலம் தொடங்கியதும் இந்தச் செவ்வாய்க்கிழமை காலை அடங்கிப்போனான். ஆட்டத்தில் தலையில் பட்ட அடிகள்தான் காரணமா என்று பார்க்க மூளையை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். காகிதத்தை அப்பா தொடவே இல்லை. லானாதான் கையெழுத்துப் போட்டாள்.

அப்பா, டெல்மர் ஹாவெல்கா, வெளி அறையில் தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு முப்பத்தொரு வருஷம் அமெரிக்கக் கால்பந்து கோச்; பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஆளோடு ஆள் மோதுகிற ஆட்டம். தன் மகனை ஃபுல்பேக்காக நிறுத்தியவர் அவர்தான். அந்த இடத்தில் நிற்பவன் கைக்குப் பந்து வருவது அபூர்வம். பந்தோடு ஓடிவருகிறவனுக்கு முன்னால் ஓடி, எதிரே நிற்கிற முதல் ஆளை மோதிச் சாய்த்து வழிவிட வேண்டும். பதினாலு வயதிலிருந்து கர்ட் அதைத்தான் செய்தான். பள்ளியில் நாலு வருஷம், கல்லூரியில் நாலு வருஷம். இரண்டு முறை மாநிலக் கோப்பை. கூட்டத்தோடு நின்று லானாவும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள்.

மகனுக்கு வியாதி என்று தெரிந்த பிறகு அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேறொன்று செய்தார். சனிக்கிழமைதோறும் பராமரிப்பு இல்லத்துக்குப் போய், கர்ட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, டி.வி.யில் கல்லூரி ஆட்டம் பார்ப்பார். தாக்குகிற அணி வந்து நின்றதும் திரையைக் காட்டுவார்.

"பாத்தியா? பந்து பிடிக்கிற அஞ்சு பேரும் ஓரத்துக்கு ஓரம் பரவி நிக்கிறானுங்க. பின்னால யாருமே இல்ல. எல்லாம் எறியிற ஆட்டம் ஆயிடுச்சு. இனிமே அந்த இடமே கிடையாது கர்ட். ஒழிஞ்சது."

கர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்பா அடுத்த ஆட்டத்துக்கும் அதையே சொல்வார். லானாவுக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. போகப்போகப் புரிந்தது: அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

தேவாலயத்தில் பாதிரியார் சுருக்கமாக முடித்துக்கொண்டார். கல்லறையில் காற்று ஆளைத் தள்ளியது. பழைய ஆட்டக்காரர்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் நடக்கும்போதே நொண்டினார்கள். மண் போடும்போதும் அப்பா வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்தே அப்படித்தான். "சரி", "வேண்டாம்" என்பதைத் தவிர அவரிடமிருந்து குரல் வரவில்லை.

திரும்பி வந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. நீள மேசைகளில் வெள்ளைத்தாளை உருட்டி விரித்திருந்தார்கள். பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி, பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, பெண்கள் வீட்டிலிருந்து செய்து வந்த கொலாச்சி என்ற பழம் வைத்த இனிப்பு ரொட்டி. லானா காப்பிக் குடுவையைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். கை சும்மா இருந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இப்போதைய கோச் டிரென்ட் அப்பாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். முப்பது வயதிருக்கும். நல்ல பையன். காலையில் பனியில் கல்லறைப் பாதையைச் சுரண்டி வழி செய்ததும் அவன்தான்.

"கோச், இன்னைக்கு இதைப் பேசக்கூடாதுதான்" என்று ஆரம்பித்தான். "ஆனா கர்ட் கேட்டா சந்தோஷப்படுவார்னு தோணுது. உங்க ஆட்டம் திரும்பி வருது."

அப்பா நிமிர்ந்தார்.

"எல்லாரும் எறியிறாங்கன்னு, அதைத் தடுக்கிறவங்க ஓடிப் பிடிக்கிற பசங்களாப் பொறுக்கி வெச்சிருக்காங்க. இருநூறு பவுண்டுகூட தேற மாட்டானுங்க. நேரா ஒரு கனத்த ஆளை விட்டா தாங்க மாட்டானுங்க. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தாச்சு. அடுத்த பத்து வருஷம் இதுதான் கோச். ஃபுல்பேக் இல்லாத டீம் தோக்கும்."

அப்பா தட்டைப் பார்த்தார். "தலை?" என்றார்.

"இப்பல்லாம் தலையால முட்டவே விடுறதில்ல. தோளாலதான் சொல்லித் தர்றோம். ஹெல்மெட்டும் புதுசு."

"நாங்களும் தோளாலதான் சொல்லித் தந்தோம்."

பக்கத்து மேசையில் யாரோ சர்க்கரை கேட்டார்கள். டிரென்ட் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். அவனுக்குச் சொல்லி முடித்தாக வேண்டியிருந்தது.

"ஹார்ட்மன் வீட்டுச் சின்னவன் வர்றான் கோச். எட்டாங்கிளாஸ். கழுத்துன்னே ஒண்ணு கிடையாது, தோள்லேர்ந்து நேரா தலைதான்." மேசைத்தாளில் வட்டங்கள் போட்டான். முன்னால் வரிசையாக ஐந்து, பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் ஒன்று. கடைசி வட்டத்தைத் தட்டினான். "இவனை இங்க நிறுத்தலாம்னு இருக்கேன்."

லானா குடுவையோடு அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "அப்பா, போலாமா? களைச்சுப் போயிருப்பீங்க."

"ஒரு நிமிஷம்" என்றார் அவர்.

வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. தப்பாகப் போட்ட கணக்கைப் பார்க்கிற வாத்தியார் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பிறகு கையை நீட்டினார். டிரென்ட் பேனாவைக் கொடுத்தான்.

"எத்தனை கஜம் பின்னால?"

"நாலு."

"நாலுல நிறுத்தாதே. வேகம் எடுக்கறதுக்குள்ள எதிராளி வந்துடுவான். அஞ்சு." அந்த வட்டத்தை அடித்துவிட்டு ஒரு விரல்கடை தள்ளி வேறொன்று போட்டார். "காலைச் சேத்து வெச்சு நிக்கச் சொல்லு. அகட்டி நின்னா முதல் அடி வீணாப் போகும். இவன் இந்த இடுக்குல போகணும். நடுவுல யோசிக்கவே விடக்கூடாது. யோசிச்சான்னா வேகம் குறைஞ்சிடும்."

"இங்க மோதணுமா?"

"இங்க." பேனா முனை தாளைக் குத்திக்கொண்டு நின்றது.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு அது. குரல் கணீரென்று இருந்தது. கண்ணில் வெளிச்சம். இந்த முகத்தை லானா பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. குடுவையை அந்தத் தாளின் மேல் கவிழ்த்துவிட அவளுக்கு ஒரு கணம் போதும். அந்தக் கணம் வந்தது. அவள் அவருடைய கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

வரைந்து முடித்ததும் அப்பா பேனாவை மூடி வைத்தார். தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. எழுந்து, யாரிடமும் சொல்லாமல், மேசைகளுக்கு நடுவே கழிப்பறைப் பக்கம் நடந்தார். உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கவே இல்லை.

சாப்பாடு முடிந்தது. பெண்கள் தட்டுகளை அள்ளி, மேசைத்தாள்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் குப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார்கள்.

"கொஞ்சம் இருங்க, இதை மட்டும் விட்டுடுங்க" என்று டிரென்ட் ஓடிவந்தான். வட்டங்களைச் சுற்றி நகத்தால் மடித்துக் கிழிக்கப் பார்த்தான். தாள் கோணலாகப் போயிற்று.

"லானா, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா? கோச் போட்ட கோட்டுல கிழிஞ்சிடப் போகுது."

லானா குடுவையைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் தாளை மேசையோடு அழுத்திப் பிடித்தாள். அது நேராகக் கிழிந்தது.