மெச்சுக்கு முதல் நாள் ஊசி

போன வருசம் மகள் றஷ்மிக்குத் தொண்டை நோ வந்தது. கொத்தமல்லித் தண்ணி போதும் என்று கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லாருமாய்த் தீர்ப்புச் சொன்னோம். தொண்டை ஆறியது. ஆனால் அந்த நோவைத் தந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியால் வாதக் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் வீங்கி, இதய வால்வும் கொஞ்சம் பழுதாகிவிட்டது. இன்னொருமுறை வந்தால் வால்வு தாங்காதாம். அதனால் மூன்று கிழமைக்கு ஒருக்கா இடுப்பில் பெனிசிலின் ஊசி.

இந்த முறை ஊசி வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை பள்ளிக்கூட நெற்போல், அதுதான் வலைப்பந்து, இறுதியாட்டம். ஊசி போட்டால் மறுநாளும் நொண்டுவாள்.

“திங்கட்கிழமை போடுவம், மகள்,” என்றேன். ஊசியைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

“எங்கட மெச் எப்ப எண்டு கிருமிக்குத் தெரியுமா, அப்பா? வெளிக்கிடுங்கோ.”

கிளினிக்கில் தாதி ஊசியை எடுத்ததும் என்னைப் பார்த்து, “அய்யே, வாடிவென்ன” என்று சிங்களத்தில் உட்காரச் சொல்லிக் கதிரையைத் தள்ளினாள். உட்கார்ந்தேன். றஷ்மி பல்லைக் கடித்தாள்.

“பயப்பிடாதேங்கோ, அம்மாட்டச் சொல்ல மாட்டன்,” என்றாள் வெளியே வந்து.

அடுத்த நாள் மைதானத்துக்கு நொண்டிக்கொண்டே போனாள். பயிற்சி தரும் ரீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன்னால ஓட ஏலுமா?”

“ஏலாது, மிஸ். வளையத்துக்குக் கிட்ட நிண்டு எறிவன். பந்தை என்னட்டத் தரச் சொல்லுங்கோ.”

ரீச்சர் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அதையே சொன்னார்.